உன்ர கல்வெட்டிலை இல்லாத புலம்பல்

என்ர உயிருக்கும் மேலான மச்சான் நேசனுக்கு,

இதெல்லாத்தையும் நான் முன்னமே சொன்னனான். உன்ர சினியோரா கண்ணை மூடின அண்டைக்கே நீ தெருவிலை நிப்பாய் எண்டு சொன்னன், நிண்டாய். அந்தக் குளிர் பிடிச்ச இங்கிலீசுப் பாட்டுகள் உன்னை அரிச்சுப்போடும் எண்டு சொன்னன், அரிச்சுது. நீ செத்தால் எங்கட ஆக்கள் உன்ர கல்வெட்டை நாறடிப்பினம் எண்டும் சொன்னன். சரி, அது நீ செத்தாப் பிறகு சொன்னது. எண்டாலும் சொன்னனானோ இல்லையோ?

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிச்சு எல்லாருக்கும் குடுத்தமே, அந்த நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டைத்தான் சொல்லுறன். வருஷம் ஒண்டாகுது. அதிலை நான் எழுதின ஒரு வரியைப் பற்றி உன்ர மனுசி, என்ர தங்கச்சி கமலா, ஊரிலையிருந்து கிழமைக்கொருக்கா போனிலை கேக்கிறாள். அதுக்காகத்தான் இந்தக் கடிதம். அதுக்கு முதல் இஞ்சை நடந்த கூத்தைக் கேள்.

இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கவேணும். நீ ஊரிலை இங்கிலீசு டியூசன் மாஸ்டர். இத்தாலிக்கு வந்து, பலெர்மோவிலை, பொலிதேயாமாப் பக்கம், அந்தச் சினியோராக் கிழவியைப் பார்த்துக்கொண்டு அவவின்ர வீட்டிலையே இருந்தாய். அவ ஒருகாலம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின இங்கிலீசுப் பாட்டுகளைப் படிப்பிச்ச பெரிய புரொபெசொரெஸ்ஸா. கண் மங்கினாப் பிறகு நீ வாசிப்பாய், அவ விளங்கப்படுத்துவா. வியாழன் பின்னேர லீவுக்குச் சீசாப் பகுதியிலை இருக்கிற என்ர வீட்டுக்கு வந்து, கொப்பியிலை தமிழாக்கினதை எனக்குப் படிச்சுக் காட்டுவாய். என்னைவிட நல்ல ரசிகன் உனக்கு இந்தத் தீவிலை கிடைச்சிருக்குமோ? எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடம்தான் என்னைத் தாங்கேலாமல் விட்டது, நான் விடேல்லை.

அந்தப் பாட்டுகளிலை சண்டைக்காரர் எனக்குப் பிடிக்கும். விருந்திலை கள்ளுக் கோப்பையைத் தூக்கி, நாளைக்கு இன்னதைச் செய்வன் எண்டு எல்லாருக்கும் முன்னாலை வீம்பு பேசுவினமாம். "அது வெறும் புழுகு இல்லை மச்சான்," எண்டு நீ சொன்னாய். "சொன்னால் செய்யவேணும், இல்லாட்டிச் சாகவேணும்." என்னை மாதிரி ஆக்கள் எண்டன். நீ சிரிச்சாய்.

மற்றப் பாட்டுகள்தான் எனக்குக் குமட்டும். ஒருத்தன்ர தலைவன் செத்துப்போறான். இவன் தனியனா, ஆலங்கட்டி கொட்டுற கடலிலை, விறைச்ச கையாலை வள்ளம் வலிக்கிறான். பழைய விருந்துக் கொட்டிலைக் கனவு காணுறான், முழிச்சால் கடற்பறவையள். சரி, கரைக்கு வந்தானே எண்டால், திரும்பவும் கடல் வா எண்டு இழுக்குதாம், போறானாம். சீ! முதலாளி செத்தால் வேறை முதலாளியைப் பிடிக்கிறதுதானே? பலெர்மோவிலை நாங்கள் எல்லாரும் அதைத்தானே செய்யிறம்?

"அவனுக்குக் கதைக்க ஆளில்லை, அதுதான் வருத்தம்," எண்டாய்.

"ஏன், நீ என்னோட கதைக்கேல்லையோ?"

"நீங்கள் எங்கை மச்சான் என்னைக் கதைக்க விடுறியள்?"

அதை நான் பகிடி எண்டு எடுத்தன்.

சினியோரா செத்தா. செத்தவீடு முடிய அவவின்ர பெறாமகன், தங்கச்சியின்ர பொடியன், வந்து பூட்டை மாத்தினான். ஒன்பது வருஷம் நீ தூக்கித் துடைச்ச மனுசியின்ர கட்டிலைப் படியேறிப் பார்க்கவும் விடாமல், உன்ர உடுப்புப் பையைக் கீழ்ப்படியிலை வைச்சிருந்தான். ஊத்தைப் பிறவி! நான் அவனைச் சட்டையிலை பிடிச்சுத் தூக்கினன் எண்டு ஊரெல்லாம் சொன்னனான். உண்மையிலை நல்லா முறைச்சன். நீ என்ர வீட்டை வந்தாய். நான் மூண்டு வேலை பார்த்துத் தந்தன், ஒண்டுக்கும் போகேல்லை. நாளும் கடலடிக்குப் போய் ஒரு மர வாங்கிலை இருந்தாய். வேலையில்லாமல் இஞ்சை இருக்க விடுற பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கேலாது, ஊருக்குப் போகவும் சண்டையாலை பாதை பூட்டு. நாலாம் மாசம் அந்த வாங்கிலையே நெஞ்சு நிண்டுபோச்சு.

பிறகு கல்வெட்டு. எங்கட சங்கத்துக் கவிராயர் ஒரு பின்னேரத்திலை எழுதிக் கொண்டுவந்தார். மனைவி புலம்பல், மகள் புலம்பல், மைத்துனர் புலம்பல். என்னை ஒரு சொல்லுக் கேக்காமல் என்ர வாயிலை பன்னிரண்டு வரி! போதாக்குறைக்கு உன்ர வரலாற்றிலை "சூரிச் நகர் போற்றும் செம்மல்" எண்டு கிடக்குது. அது அதுக்கு முந்தின மாசம் சுவிசிலை செத்த ஆருக்கோ எழுதின பாட்டு. பேரை மாத்தினவர், ஊரை மாத்த மறந்திட்டார். நான் வாசிக்காமல் விட்டிருந்தால் நீ சூரிச்சுக்காரனாத்தான் மோட்சம் போயிருப்பாய். தூ!

"கவிராயர், இதெல்லாத்தையும் விடுங்கோ," எண்டு கொப்பியை நீட்டினன். "அவன் தன்ர கையாலை தமிழாக்கின பாட்டு. தனிச்சவன் தானே புலம்பிறது. இதைப் போடுங்கோ."

"அண்ணை, பகிடி விடாதேங்கோ. செத்தவன் எப்பிடிப் புலம்பிறது? ஆக்கள் என்ன நினைப்பினம், நாங்கள் அவனைப் பார்க்கேல்லை எண்டெல்லோ?"

ஓம், அதைத்தானே நினைக்கவேணும்? ஆனால் நான் அப்பிடிச் சொல்லேல்லை. அந்த இடத்திலை எனக்கும் பயம் வந்தது. கொப்பியை மடியிலை வைச்சுக்கொண்டு, கவிராயரின்ர பேனையை வாங்கி, கடைசிப் பக்கத்துக்கு நானே நாலு வரி எழுதிக் குடுத்தன். உன்ர கடைசி நேரத்திலை தலை என்ர மடியிலை இருந்தது, "கமலா" எண்டு சொல்லிக் கண்ணை மூடினாய் எண்டு. மண்டபத்திலை அதை வாசிக்கேக்கை அழாத சனம் இல்லை. கவிராயரே மூக்கைச் சீறினார். எனக்குப் பெருமையாயும் இருந்தது, சொல்லுறன்.

அந்தப் புத்தகம் கொழும்பாலை சுத்தி, கப்பலேறி, ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. இப்ப கமலா கேக்கிறாள்: "அண்ணா, எப்பிடிச் சொன்னவர்? மெதுவாவோ? என்னைக் கூப்பிட்ட மாதிரியோ?" ஒவ்வொரு கிழமையும் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுறன். மெதுவா எண்டன். ரெண்டுதரம் எண்டன். போன கிழமை, சிரிச்சபடி எண்டும் சொல்லிப்போட்டன். அவள், "அப்ப அவர் தனிய இருக்கேல்லை, அது போதும் அண்ணா" எண்டாள்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கேல்லை. கவிராயரை, பெறாமகனை, அந்த ஈரப் பாட்டுகளை எல்லாம் அருவருத்து முடிச்சாச்சு. மிச்சம் ஆர்?

மச்சான், நான் அங்கை இருக்கேல்லை. அண்டு வியாழன். வெளிக்கிடேக்கை வாசலிலை நிண்டு, "கடலடிக்கு நீங்களும் வாறியளோ?" எண்டு கேட்டாய். "உன்ர குளிர்க் கடல் எனக்கு வேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டு வுச்சீரியாச் சந்தைக்குப் போய், மீன்காரனோட புழுகிக்கொண்டு நிண்டன். நீ என்ன சொன்னாய், ஆரின்ர பேரைச் சொன்னாய், சொன்னனீயோ எண்டுகூட எனக்குத் தெரியாது.

வாற ஞாயிறு கமலாவுக்குப் போன் எடுத்து இதை இப்பிடியே சொல்லுவன். அவள் திட்டட்டும், அழட்டும். எவ்வளவு நேரமெண்டாலும் நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பன்.

உன்னோட கடலடிக்கு வராத மச்சான்,
கமலாவின்ர அண்ணன்