கொடிக்கு நாற்பது கஜம்

ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான் டூகல்டுக்கு,

நடுக்கடலில் அந்த எண்ணெய் மேடையில் காற்று எப்படி இருக்கிறதோ, இங்கே இன்று காலையிலிருந்து கதவைத் திறக்க விடவில்லை. உன் அக்கா ஊனா நலம். அவள் வைத்த பார்லி சூப் நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. நீ வந்தால் உனக்கும் அதுதான். நாய்க்குக் கால் சரியாகிவிட்டது.

போனில் அவளிடம், "இலையுதிர்காலக் கோப்பைக்கு அத்தான் பேரைக் குடுத்துட்டாரா?" என்று கேட்டாயாம். கொடுக்கவில்லை. கோல்ஃப் கிளப் பலகையில் உன் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் வெற்றிடம்தான். வெள்ளிக்கிழமையோடு பெயர்ப்பதிவை மூடிவிடுவார்கள். ஏன் என்று அவள் கேட்டதற்கு முதுகுவலி என்று புளுகினேன். உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

வசந்தகாலக் கோப்பையை நாம் ஜெயித்தோமே, அது இங்கே ஜன்னலோரம் இருக்கிறது. பெயர் பொறித்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். துடைக்கும்போது ஊனா நேராக வைக்கிறாள், நான் மறுபடி திருப்புகிறேன். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும்.

இறுதி ஆட்டம் முடிந்து எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோது நீ வண்டியில் மட்டைகளை ஏற்றப் போயிருந்தாய். நம்மிடம் தோற்ற கெடஸ் பீர் கோப்பையும் கையுமாக வந்து, "கப்பு உனக்கில்லப்பா மர்டோ, உன் மச்சானுக்கு. மத்தியானம் பூரா உன்ன இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுல்ல சுத்துனான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது ஒவ்வொரு குழியாக யோசித்துப் பார்த்தேன். உடம்பே கூசிப்போனது.

ஒரே பந்தை நீ ஒரு அடி, நான் ஒரு அடி என்று மாறி மாறி அடிக்கிற ஆட்டம். நீ விட்ட இடத்திலிருந்து நான் அடித்தாக வேண்டும். கொடிக்கு நாற்பது கஜத்தில் பந்தை எழுப்பி மெதுவாக இறக்குகிற அந்தச் சின்ன அடியில், காலைச் சுற்றில் நான் அடித்த கூத்து உனக்குத் தெரியாததா? ஒருமுறை மண்ணை வெட்டினேன், பந்து காலடியிலேயே கிடந்தது. அடுத்த முறை பந்தின் மண்டையில் போட்டேன், அது கொடியைத் தாண்டி ஓடைக்குள் போனது. ஜோடிக்குள் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். நான் கேட்கவில்லை, நீ முகம் சுளிக்கவுமில்லை.

ஆனால் மத்தியானத்திலிருந்து, கொடிக்குப் பக்கம்வரை அடிக்க முடிந்த இடத்திலெல்லாம் நீ சின்ன மட்டையை எடுத்து, வேண்டுமென்றே கொடிக்கு நூறு கஜத்துக்கு முன்னாலேயே பந்தை நிறுத்தினாய். சின்ன அடி என் கைக்கு வராமல், முழு வீச்சாக மிச்சம் வைத்தாய். "எதிர்காத்து அத்தான், எட்டாது" என்றாய். காற்று நம் முதுகில்தான் அடித்தது. நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பிவிட்டேன்.

நீ திட்டியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். நல்ல மனசோடு செய்தாய், அதுதான் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது, டூகல்ட். கெடஸ் வருகிற தெருவில் நான் இப்போது நடப்பதில்லை.

கடையை மூடியதும் கடற்கரைக்குப் போகிறேன். தண்ணீர் வற்றிய நேரத்தில் ஈர மணலில் கோடு கிழித்து, பந்து அதன்மேல் இருப்பதாக நினைத்து வீசுகிறேன். கோட்டிலிருந்து கொடிப் பக்கமாக மட்டை மணலைச் சீவ வேண்டும். நான் சீவியதெல்லாம் கோட்டுக்குப் பின்னால். மணல் முகதாட்சணியம் பார்ப்பதில்லை. ஒருநாள் நாயோடு வந்த ஊனா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "பந்து எந்திரிக்கணும்னா நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? மட்டைதான் சரிவா இருக்கே, அது தூக்காதா?" என்றாள். அதுவரை பின்னங்காலில் சாய்ந்து, மணிக்கட்டால் பந்தை அள்ளிவிடப் பார்த்திருக்கிறேன். முதுகுவலிக்காரனுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் புண்ணியம்.

இப்போது பாரத்தை முன்னங்காலில் வைத்து, மணிக்கட்டைச் சும்மா விட்டு, நெஞ்சைத் திருப்பி அடிக்கிறேன். முக்கால்வாசி சரியாகச் சீவுகிறது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், நேற்றுகூட ஒன்று மணலை வாரிக்கொண்டு போனது.

நீ வேறு ஆளோடு ஆடினாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை எழுத மறுக்கிறது. வருத்தம்தான். பெயர் எழுதட்டுமா என்று வெள்ளிக்குள் ஊனாவிடம் ஒரு வார்த்தை சொல். எழுதச் சொன்னால், எனக்காக மட்டையை மாற்ற மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்.

கடல் அடங்கி இருக்கட்டும், உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். உன்னால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் அடி, மச்சான். நாற்பது கஜத்தில் விழுந்தால் விழட்டும். நான் கெடுத்து நாம் தோற்றாலும், அந்த அடியை எனக்கே விட்டுவிடு.

உன் அத்தான்,
மர்டோ