தாழ்ப்பாள் வரும்வரை

வீட்டில் இல்லாத என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேற்று போனில் அவ்வளவு சத்தம் வந்திருக்காது. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மன்னிப்புக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. தலைமையாசிரியர் கேட்டாரென்று உங்கள் சித்தப்பா அதை அவரே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு கையெழுத்துதானேம்மா, கை என்ன தேஞ்சா போயிடும் என்றார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

உங்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும். பள்ளி பள்ளியாகப் போய்ப் பாட்டுச் சொல்லித்தரும் அந்த இசைக்குழுக்காரர்கள் எட்டு கிதாரைப் பள்ளிக்கு இலவசமாகக் கொடுத்து, எனக்கும் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். கணக்கு டீச்சருக்கு எதுக்குடி இந்த வேலை என்று நீங்கள்கூடச் சிரித்தீர்கள். கிதார் தந்தியில் மூன்று விரல்பிடி பழகினால் பாதி சினிமாப் பாட்டை வாசித்துவிடலாம். அதன்பிறகு பிள்ளைகள் சொந்தமாக ஒரு பாட்டு எழுத வேண்டும், அதுதான் அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை.

எட்டாம் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். வாய் ஓயாது, அதனால் ரேடியோ என்று பெயர். அந்த ரேடியோ மாதத்தில் நான்கு நாள் பள்ளிக்கே வராது. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்கள் கழிப்பறைக்குக் கதவு விழுந்து ஒன்றரை வருடம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் குடையை விரித்துப் பிடிப்பாள். நானும் அப்படித்தான் போய் வந்தேன். எட்டு மனு எழுதினேன். பிள்ளைகள் பாட்டு எழுதினார்கள்.

"உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி,
நடுவிலே குடைதானடி கதவு."

கல்வி அதிகாரி வந்த அன்று, ஏதாவது நல்ல பாட்டாகப் பாடச் சொன்னார் தலைமையாசிரியர். இதைவிட நல்ல பாட்டு அவர்களிடம் இல்லை. பாடி முடித்தபோது தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. யார் எழுதிக் கொடுத்தது என்று அதிகாரி என்னைக் கேட்டார். அவர்களேதான் என்றேன். நம்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எனக்கு மெமோ வந்தது. மதியம் தச்சர் கதவோடு வந்தார்! இப்போது அந்த மன்னிப்புக் கடிதம் என்ன சொல்கிறது தெரியுமா? கழிப்பறைக்குக் கதவு இருக்கிறது, பாட்டு பொய், பிள்ளைகளைத் தூண்டிவிட்டது நான். கதவுதான் வந்துடுச்சே, போட்டுத் தொலையேன் என்கிறீர்கள். அந்தக் கதவு எதனால் வந்தது? பாட்டு பொய் என்று நான் எழுதிக்கொடுத்தால் ரேடியோ இனி வாயைத் திறப்பாளா?

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கையெழுத்துப் போடும்வரை கிதார்கள் பூட்டிய அறையில்தான். மாத முடிவுக்குள் போடாவிட்டால் அவை திரும்பிப் போகும், எனக்கும் எங்கோ ஒரு மூலைக்கு மாற்றல். நான் வெளியூர் வேலையில் இருக்க, மகளையும் இழுத்துக்கொண்டு தனியாக என்ன செய்வாய் என்றீர்கள். எனக்கும் பயம்தான். ராத்திரி தூக்கம் வருவதில்லை. ஆனாலும் போட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை கிதார் இல்லாமலே வகுப்பு நடந்தது. நாற்பது பேரும் பெஞ்சில் தாளம் போட்டார்கள். ரேடியோ புதிதாக இரண்டு வரி சேர்த்திருக்கிறாள்:

"கதவு வந்தது, நன்றி ஐயா,
தாழ்ப்பாள் எந்த வண்டியில் வருது?"

ஆமாம், தாழ்ப்பாள் வைக்க மறந்துவிட்டார்கள். மெமோவுக்குப் பதிலாக இந்த இரண்டு வரியை மட்டும் எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

இன்னொன்று. பழைய சட்டையில் சுற்றி பீரோவில் வைத்திருந்தீர்களே, உங்கள் டிரம் குச்சிகள், அவற்றை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். முதுகு வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், தேயுங்கள். அந்தக் கல்யாண வரவேற்பு நினைவிருக்கிறதா? நேரமாகிவிட்டதென்று மண்டபத்துக்காரர் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார், உங்கள் குழுவில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒருவர் மட்டும் இருட்டில் உட்கார்ந்து பாட்டு முடியும்வரை டிரம்ஸை நிறுத்தவே இல்லை. அவரைப் பார்த்துத்தான் நான் கழுத்தை நீட்டினேன். அங்கே எங்காவது அவரைப் பார்த்தால், நான் ரொம்பவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு டீச்சர்