நீலவண்டு இறங்கிய வயலுக்குத் தீ வையாதிருக்க விடுத்த ஓலை

திரு நிலைக்க. மழை பிழையாது பொழிக. ஏழேரி நாடு ஆளும் கோப்பெருந்தேவி அல்லியங்கோதையார் திருவாய்மொழிந்தருள, ஓலைநாயகன் மாறன் பொறையன் எழுதியது. தென்கரைக் காவற்படைத் தலைவர் வில்லவன் கொற்றனார் கண்டு தெளிக. உம் கோட்டத்து ஏரிகள் நிறைக. உம் வீரர் நோயின்றி வாழ்க.

நெல் பால்பிடிக்கும் இந்நாளில் நீலவண்டுகள் திரண்டு தென்கரை வயல்களில் இறங்கின என்றும், ஓரூர் விளைச்சல் அழியினும் நாடு பிழைக்க அவற்றைக் கதிரோடு கொளுத்துவதே வழி என்றும் நீர் விண்ணப்பித்தீர். அரசவையும் அஞ்சி இசைந்து ஆணையிட்டது. அவ்வாணையைத் தடுக்கவே இவ்வோலை வருகிறது. தீக்கு முன் வந்து சேருமோ என்று தேவியார் உள்ளம் பதைக்கிறது.

நடந்தது இது. அவ்வூர் ஏரிக் கண்காணி காரிநங்கையார், தம் ஊர் எரியப்போவது கேட்டு நிலைகொள்ளாமல் வயலில் இறங்கினார். சூல்கொண்ட பெண்வண்டு நெல்லிலையில் அமர்ந்து, உணர்கொம்பால் தொட்டுப் பார்த்து, வேண்டாமென்பதுபோல் பறந்துவிடக் கண்டார். நெல்லினூடே களையாய் மண்டிய நீர்க்கிராம்பில் அமர்ந்த வண்டோ, இலை இலையாய்த் தடவிச் சென்று, முற்றியதை விட்டு, தளிரின் அடிப்புறத்தில் மஞ்சள் முட்டைகளை இட்டது. பொரித்த புழுக்களும் அக்களையையே அரித்துத் தின்றன.

இதனை உம்மிடம் உரைத்தபோது, வண்டின் மனத்தை எங்ஙனம் அறிந்தீர் என்று நீர் சினந்து வினவியதாகவும், மனத்தை அறியேன், முட்டையிட்ட இடத்தை அறிவேன் என்று அவர் விடையிறுத்ததாகவும் கேட்டோம்.

ஆயினும் அவர் நெஞ்சு ஆறவில்லை. களை தீர்ந்தபின் பசித்த வண்டு நெல்லைத் தேடாதோ என்று நடுங்கி, நாற்று மட்டும் நட்ட பானையில் சில வண்டுகளை விட்டு, மெல்லிய துணியால் வாய்கட்டினார். வண்டுகள் பட்டினியில் சோர்ந்தன; முட்டைகளைத் துணியின்மேல் உதிர்த்தனவே அன்றி நெல்லில் இடவில்லை. ஓரிலையில் மட்டும் சிறு கடி இருந்தது. அதனையும் மறையாமல் அவைக்கு அனுப்பினார்.

அவ்விலை கண்டு அவை இரண்டுபட்டது. ஒரு கடியே போதும், எரித்துவிடுக என்றனர் சிலர். ஒரு கடிக்கு அஞ்சி ஓரூரின் சோற்றை எரிக்க இசையோம் என்று தேவியார் அருளினார். அருளிய பின்னும் அவர் அவ்விலையைக் கையினின்று கீழே வைக்கவில்லை.

ஆகவே தீச்சட்டிகளை நீரூற்றி அவித்திடுக. உழவர் அச்சத்தால் நீர்க்கிராம்பைப் பிடுங்காதபடி காத்திடுக. வண்டுக்கு இரை அதுவே. நெல்லில் ஒரு முட்டை காணினும் அன்றே ஆள் விடுக.

இன்னுமொன்று. கரையேறுமாறு தேவியார் சொல்லியனுப்பியும் காரிநங்கையார் ஏறவில்லை. வயல் நடுவே இருக்கிறார். குனிந்து இலை பார்ப்பவராதலின் கரையில் நிற்போர் கண்ணுக்குத் தெரியார். பந்தம் ஏந்தியவர் எல்லாரையும் நிறுத்தி, அவர் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடுக. மறுகுரல் வரும்வரை ஒருவரும் அசையற்க.

கோப்பெருந்தேவி ஆணை. ஏழலை இலச்சினை இட்டது.