கடைசிப் பாட்டுக்கு ஒரு ஓட்டு

அன்புள்ள சோனியாவுக்கு,

மாதா புண்ணியத்துல எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. அத்தைக்கு முட்டிவலி தேவலையா? நீ போனை எடுக்கிறதில்ல, அதான் கடுதாசி.

லீவு முடிஞ்சு இங்க வர்ற பிரவின்கிட்ட என் ஹெட்போனும் வலித்தைலமும் கொடுத்து விடு.

நம்ம ராக் பேண்டு ரசிகர் குரூப்புல இந்த வருஷமும் பிடிச்ச பாட்டுக்கு ஓட்டு நடந்துச்சு. எல்லாரும் முதல் ஆல்பத்துப் பாட்டுகளையே தூக்கிப் பிடிப்பாங்க. மூணாவது ஆல்பத்தோட கடைசிப் பாட்டுக்கு எப்பவும் நம்ம ரெண்டு ஓட்டுதான் விழும், குரூப்பே கிண்டலடிக்கும்.

இந்தத் தடவை, இங்க ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில கப்பலுக்குப் பெயின்ட் அடிச்ச கையோட நான் போட்ட ஓட்டு மட்டும் தனியா நிக்குது. நீ இன்னும் பார்க்கலையோன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, முதல் ஆல்பத்துப் பாட்டுக்குக் கீழ உன் பேர் இருக்கு.

கப்பல்ல சங்கு ஊதிட்டாங்க, வேலைக்குப் போகணும். ஹெட்போன் வேண்டாம், தைலம் மட்டும் போதும்.

ஜெனிஸ்டன்