பெரியவர் முகம் போட்ட துணி

தெட்சா,
ஞாயிறு, பூசை முடிந்து

என் கண்ணு தியாமிகேவுக்கு, உன் அம்மாவைப் பெற்ற எனெலேசி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் சோளம் பரவாயில்லை. லீட்ஸ் குளிரில் உனக்குக் கால் வீங்குகிறதா? மாதம் நெருங்கிவிட்டது, உப்பைக் குறை.

பிள்ளையை முதுகில் கட்ட, என் பெட்டியில் இருக்கும் துணியை அனுப்பச் சொன்னாய். நம் நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த முதல் ஜனாதிபதி, அந்தப் பெரியவர் முகம் போட்ட துணியில் பிள்ளை வளரட்டும் என்று உன் புருஷன் கொண்டுவானி ஆசைப்படுகிறாராம். கொண்டுவானி நல்ல பையன். பெரியவர் பதவியை விட்ட பிறகு பிறந்தவர், அவருக்கு என்ன தெரியும்?

துணி இருக்கிறது. அனுப்ப மாட்டேன்.

பெரியவர் எங்கே வந்தாலும் நாங்கள் அதைக் கட்டிக்கொண்டு போய் ஆட வேண்டும். முகம் பின்பக்கம் வந்துவிட்டது என்று கட்சிக்காரன் கத்துவான். "அப்போ அவரை எங்கேதான்டா உட்கார வைக்கிறது?" என்று முணுமுணுத்துச் சிரிப்போம். சிரித்த காலமும் உண்டு.

உன் அம்மாவுக்கு முன்னால் எனக்கு ஒரு மகன், ஃபைசன். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். பெரியவர் முன்னால் ஆட எங்களை ஏற்றிப்போக லாரி வந்த காலையில் அவனுக்கு உடம்பு கொதித்தது. கட்சியின் மகளிர் தலைவி சிலெம்பாவிடம் சொன்னேன். "நாட்டுக்கே அப்பா வர்றாரு, உனக்கு உன் பிள்ளை பெருசாப் போச்சா? ஏறுடி" என்றாள். ஏறாத வீட்டுக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். பிளாண்டயர் நகரத்தில் ஆடினேன். திரும்பி வந்தபோது வாசல் நிறையப் பெண்கள், ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிலெம்பா துக்கத்துக்கு மாவு கொண்டுவந்தாள். நான் கூடையைத் தொடவில்லை. இன்றும் மாதாகோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து, "பேத்திக்கு எப்போ?" என்கிறாள். நான் கூரையைப் பார்க்கிறேன். சாகும்வரை கூரையைத்தான் பார்ப்பேன்.

வேறு துணி வாங்கியிருக்கிறேன், மஞ்சளில் பறவை போட்டது. உன் மாமா கொண்டுவருவான். கொண்டுவானியிடம் கோபமில்லை என்று சொல்.

பெரியவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகும். தார்ரோடும் உன் அம்மா படித்த பள்ளிக்கூடமும் அவர் காலத்தில் வந்தவை. அங்கே படித்ததால்தான் அவள் எந்த அதிகாரியிடமும் "முடியாது" என்பாள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. உனக்கு வரும்.

கடவுள் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் காக்கட்டும். பிள்ளைக்கு உடம்பு சுட்டால், யார் கூப்பிட்டாலும் போகாதே, கண்ணு. போகாதே.

உன்
எனெலேசி