வாயில் வைத்த தெர்மாமீட்டர்

1969 நவம்பர், செவ்வாய்க்கிழமை. நமுனுகுல தேயிலைத் தோட்டம், இலங்கை.

காலை எட்டு மணிக்குக் கொழுந்து பறிக்கும் மாரியாயி டிஸ்பென்சரிக்கு வந்தாள். "ஒடம்பு ஒரேயடியா அசந்து போச்சுங்க டாக்டரய்யா. இன்னிக்கு ஒரு நாளைக்கு லீவுத் துண்டு குடுங்க" என்றாள். நான் டாக்டர் இல்லை, மருந்து கலந்து கொடுக்கிறவன். ஆனால் இந்தத் தோட்டத்தில் துண்டு எழுதுவது நான்தான். அசதிக்குத் துண்டு கிடையாது, காய்ச்சல் இருக்க வேண்டும். தெர்மாமீட்டரை அவள் நாக்குக்கடியில் வைத்து, "நான் சொல்ற வரைக்கும் எடுக்காத" என்றேன்.

மருந்து எடுக்க உள்ளே போனவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்தையும் என் தலையில் கட்டிய பிறகு எனக்கு ஒரு ஞாயிறு கூட ஓய்வில்லை. எவ்வளவு நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேனோ. வெளியே வந்தபோது மணி ஒன்பது தாண்டியிருந்தது. அவள் அதே பெஞ்சில், வாயை இறுக மூடியபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெட்கத்தை மறைக்கக் கத்தினேன். "எடுத்துட்டுக் கூப்பிட வேண்டியதுதானே? வாய் இல்லையா ஒனக்கு?"

அவளுக்குக் கோபமே வரவில்லை. "பரவாயில்லீங்க. இப்படிச் சும்மா உக்காந்து எத்தன வருசமாச்சு" என்று சிரித்தாள்.

காய்ச்சல் இல்லை. கொட்டுகிற மழையில் அவளைக் கொழுந்து பறிக்க மலைக்கே திருப்பி அனுப்பினேன்.

'காய்ச்சல்' என்று ஒரு சொல் எழுதிக் கொடுத்திருந்தால் யார் வந்து சரிபார்த்திருப்பார்கள்? அந்த யோசனையே எனக்கு இப்போதுதான் வருகிறது.