ஏலக்காரரின் காது

போர்ட்டோ சான்வித்தோ,
மார்ச் 4

என் அக்கா பெற்ற அறிவுக்கொழுந்து மரீசாவுக்கு,

மாமா காஸ்பரே எழுதுவது. நலமாக ஊர் வந்து சேர்ந்தேன். ரயில் முழுக்க உன் ஆஸ்பத்திரியின் லட்சணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அலமாரி மாதிரி ஒரு அறையில் என்னை அடைத்துக் காதில் பீப் பீப் என்று விட்டாயே, ஒன்று விடாமல் பிடித்தேனா இல்லையா? மூன்றாவது அறையில் நர்ஸின் வயிறு இரைந்ததுகூடக் கேட்டது. அதோடு நிறுத்தக் கூடாதா? பத்துப் பேரைக் கசமுசவென்று பேசவிட்டு, நடுவில் ஒருத்தியை வாக்கியம் வாசிக்கவிட்டாய். அந்தக் குரலை ஒரு மீன்கூட மதிக்காது.

எங்கள் மீன் ஏலத்தில் எவனும் விலையைக் கத்த மாட்டான். ஒவ்வொருவனும் வந்து என் காதில் கிசுகிசுப்பான். சுற்றி இருநூறு பேர் இரைவார்கள். ஒரே நேரத்தில் ஏழு பேர் சொன்னதைப் பிரித்தெடுத்த காது இது! ஒரு மந்திரி வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். என் இடத்துக்கு அலையும் ருஜ்ஜேரோவுக்கு இருப்பது காதில்லை, முட்டைக்கோஸ் இலை.

இருபதாம் தேதிக்குள் மீன் ஏலச் சங்கத்துக்கு என் காதுச் சான்றிதழ் போகாவிட்டால் வேலை அவனுக்கு. பீப் சோதனை உள்ள முதல் தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

ஆசிகளுடன்,
மாமா

திரியெஸ்தே,
மார்ச் 8

அன்புள்ள மாமா,

இரண்டு தாளும் சேர்ந்ததுதான் சான்றிதழ். அமைதியில் உங்களுக்கு இருபது வயதுக் காது. கூட்டத்தில் இருபது வாக்கியத்துக்கு இரண்டு பிடித்தீர்கள், அதுவும் குருட்டு அதிர்ஷ்டம். காதுக் கருவி மாட்டினாலும் இரைச்சலும் கூடவே பெரிதாகும்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். கேட்காமல் எப்படி ஏலம் விடுகிறீர்கள்?

மரீசா

போர்ட்டோ சான்வித்தோ,
மார்ச் 10

படித்த கழுதைக்கு,

மூஞ்சியைப் பார்த்துத்தான் விடுகிறேன், இரண்டு வருஷமாக. பெரிய விலை சொன்னவன் மூச்சை அடக்கிக்கொள்வான். குறைத்துச் சொன்ன கஞ்சப் பயல் கூரையைப் பார்ப்பான். பெட்டியை எடுத்தவனே தன் விலையைக் கணக்கரிடம் சொல்லிப் பணம் கட்டிவிடுவான். அடுத்தவன் என்ன சொன்னான் என்று எந்த மடையனுக்கும் தெரியாது, பிறகு எவன் கேள்வி கேட்பான்? காதை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஏலம் விடலாம்.

தாளை அனுப்பு.

மாமா

போர்ட்டோ சான்வித்தோ,
மார்ச் 16

மரீசா,

ஒரெஸ்தே செத்துப்போனான். முப்பது வருஷம் என் பக்கத்தில் நின்று பெட்டி தூக்கியவன்.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. ஏலம் சூடாக நடக்கும்போது அவன் மனைவி நீவெஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் காதில் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். நல்ல விலைதான் என்று தலையாட்டி, கணவாய்மீன் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த பெட்டியைக் கூப்பிட்டேன்.

நேற்று அடக்கம். மாதாகோயில் வாசலில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றதால், அவள் சொன்னது நன்றாகவே கேட்டது.

"அவர் போயிட்டாருன்னு உங்க காதுலதான் முதல்ல சொன்னேன், காஸ்பரே. நீங்க கணவாயைத் தள்ளிட்டு அடுத்த பெட்டிக்குப் போயிட்டீங்க."

சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை போய்விடும். அதனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏலத்துக்கு நடுவுல உக்காந்து அழ முடியுமா, நீவெஸ்?"

ருஜ்ஜேரோ என்னைப் பார்த்தபடியே தரையில் துப்பிவிட்டு நகர்ந்தான். சரியாகத்தான் துப்பினான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பயல்களை இளக்காரம் பண்ணியிருக்கிறேன், என்னைப் போல ஒரு அற்பனைப் பார்த்ததில்லை.

இரண்டு தாளையும் சங்கத்துக்கு அனுப்பு. நீவெஸுக்கும் ஒரு நகல் போடு. உன் மாமா கல்நெஞ்சன் இல்லை, வெறும் செவிடன்தான் என்று முத்திரை குத்தி அவளுக்குச் சொல்.

காஸ்பரே

திரியெஸ்தே,
மார்ச் 19

மாமா,

சங்கத்துக்கு இரண்டு தாளும் போய்விட்டன. நீவெஸ் அத்தைக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. உங்கள் வெட்கத்துக்கு என் முத்திரை எதற்கு? நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

ஒரெஸ்தே மாமா இல்லாத வீட்டில் இனி அத்தை தனியாகத்தான் இருப்பார். பக்கத்தில் இரைச்சல் போட ஆள் இருக்காது. அத்தை திட்டுவது ஒரு வார்த்தை விடாமல் உங்களுக்குக் கேட்கும்.

மரீசா